பெயர் தெரியாதா, கேட்கவில்லையா? எலிசபெத் காட்டனும் அவர் பாட்டும்



சில மாதங்களுக்கு முன் எங்கள் வாசிப்பு வட்டத்தில் நாட்டுப்புறப் பாடல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பாடப்புத்தகம் சொல்லும் வரையறையை ஒருவர் வாசித்தார். வாய்மொழியாகப் பரவுவது, ஏட்டில் எழுதப்படாதது, இயற்றியவர் பெயர் அறியப்படாதது. முதலாமாண்டு படிக்கும் மாணவி ஒருவர் குறுக்கிட்டார். "எங்க ஆத்தா நடவு நடும்போது பாட்டுக் கட்டுவாங்க. அது அவங்க பாட்டுன்னு ஊருக்கே தெரியும். அப்புறம் யாருக்குத் தெரியலைங்கறாங்க? பேர் தெரியலையா, இவங்க கேக்கலையா?"

அன்று எங்களிடம் சரியான பதில் இல்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு தேடியபோது நாங்கள் வந்து சேர்ந்த இடம் அமெரிக்காவின் வடக்குக் கரோலினா. அங்கே பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை அடுத்தவர் வீட்டில் சமைத்தும் துவைத்தும் கழித்து, அறுபது வயதுக்கு மேல் உலகறிந்த பாடகியான எலிசபெத் காட்டனின் கதையில் அந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது.

கறுப்பின மக்களின் வரலாற்றை நாம் வாசிப்பது புதிதல்ல. பாபாசாகேப் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1946 ஜூலையில் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பினத்தவர் அளித்த மனுவின் படியைக் கேட்டு எழுதிய கடிதம் அது. இரு மக்களின் நிலையும் ஒன்றுபோல் இருப்பதை அதில் அவர் சுட்டிக்காட்டினார். 1972இல் மராட்டியத்தில் தோன்றிய தலித் பேந்தர்ஸ், அமெரிக்காவின் கறுஞ்சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டது. அரசியலைப் படித்த அளவுக்கு அவர்களின் பாட்டை நாம் படிக்கவில்லை. அதையும் படிப்போம்.

தனக்குத் தானே பெயர் வைத்த சிறுமி

எலிசபெத் பிறந்தது 1893 ஜனவரி 5. சில பதிவுகள் 1895 என்கின்றன. இந்தக் குழப்பம் தற்செயலானதல்ல. வடக்குக் கரோலினாவில் மாநிலம் முழுவதும் பிறப்பைப் பதிவு செய்யும் முறை 1913இல்தான் வந்தது. ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டியான ஒரு பெண் எந்த ஆண்டில் பிறந்தாள் என்பது அரசுக்குத் தேவைப்பட்ட தகவல் அல்ல.

வீட்டில் அவரை எல்லோரும் 'லிட்டில் சிஸ்' என்றுதான் கூப்பிட்டார்கள். நம் வீடுகளில் கடைசிப் பிள்ளையைப் 'பாப்பா' என்பதுபோல. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாள் ஆசிரியர் பெயர் கேட்டார். சொல்ல ஒரு பெயர் வேண்டுமே. எலிசபெத் என்று அந்தக் குழந்தையே சொன்னது. அதுவே பதிவேட்டில் ஏறியது, அதுவே நிலைத்தது.

பள்ளிப் பதிவேட்டில் யார் யார் பெயர் என்னவாக எழுதப்பட்டது என்பதற்கு நம் சமூகத்திலும் பெரிய வரலாறு உண்டு. அதனால் இந்தச் சின்ன நிகழ்ச்சியை நாம் எளிதாகக் கடந்து போக முடியாது. அவர் கதையின் முதல் நிகழ்ச்சியே பெயரைப் பற்றியது. கடைசி வரை அந்தக் கதை பெயரைப் பற்றியதாகவே இருக்கிறது.

அவர் வளர்ந்த ஊரின் பெயரையும் பாருங்கள். சேப்பல் ஹில் என்ற பல்கலைக்கழக நகரை ஒட்டிய மில் குடியிருப்பு அது. 1913இல் அதற்குக் கார்போரோ என்று பெயர் வைத்தார்கள். ஜூலியன் கார் என்ற ஆலை முதலாளியின் பெயர். அதே 1913இல் அந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் அடிமைமுறைக்காகப் போரிட்ட தென்மாநிலப் படைவீரர்களுக்குச் சிலை திறந்தார்கள். திறப்பு விழாவில் பேசிய கார், போர் முடிந்து ஊர் திரும்பிய நாட்களில் இதே இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பினப் பெண்ணை உடை கிழிந்து தொங்கும் அளவுக்குச் சாட்டையால் அடித்ததாகப் பெருமையோடு சொன்னார். அடி வாங்கிய பெண்ணின் பெயர் வரலாற்றில் இல்லை. அடித்தவரின் பெயரில் ஊர் இருக்கிறது. அந்தச் சிலையை 2018 ஆகஸ்டில் மாணவர்களும் செயல்பாட்டாளர்களும் கயிறு கட்டிக் கீழே இழுத்துத் தள்ளினார்கள் என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்வோம்.

ஐந்து மாதச் சம்பளம்

ஏழு, எட்டு வயதில் அண்ணனின் பாஞ்சோவை அவர் வேலைக்குப் போன நேரத்தில் எடுத்து வாசிக்கத் தொடங்கினார் எலிசபெத். பாஞ்சோவுக்கும் ஒரு வரலாறு உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள், தங்கள் ஊர்ச் சுரைக்குடுக்கைக் கருவிகளின் நினைவில் செய்த கருவி அது. பிறகு முகத்தில் கரி பூசிக்கொண்ட வெள்ளையர்கள் அதைக் கேலி நாடகங்களுக்கு எடுத்துப் போனார்கள். இன்று பாஞ்சோ என்றாலே பலருக்கு வெள்ளைக்கார விவசாயிதான் நினைவுக்கு வருகிறார். கருவி போன வழியிலேயே பாட்டும் போகும் என்பதை இந்தக் கதையில் பார்ப்போம்.

அண்ணன் பாஞ்சோவோடு வெளியூர் போய்விட்டார். சொந்தக் கருவி வாங்கக் காசு வேண்டும். பள்ளிப் படிப்பைச் சீக்கிரமே நிறுத்திய அந்தச் சிறுமி ஒரு வெள்ளைக்கார வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 75 சென்ட். பிறகு ஒரு டாலர். கடையில் இருந்த கிட்டாரின் விலை 3 டாலர் 75 சென்ட். அதாவது பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, தரை துடைத்த ஐந்து மாத உழைப்பு. அதைச் சேர்த்து வைத்து வாங்கினார்.

அவர் இடதுகைப் பழக்கம் உள்ளவர். கிட்டார் வலதுகைக்காரர்களுக்குச் செய்யப்பட்டது. நரம்புகளை மாற்றிக் கட்டிக்கொள்ளலாம். அது அவருக்குச் சரிவரவில்லை. கருவியை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் கட்டைவிரலால் தடித்த நரம்பில் தாளத்தையும் மற்ற விரல்களால் மெல்லிய நரம்பில் மெட்டையும் வாசிப்பார்கள். அவருக்கு எல்லாம் நேர்மாறு. விரல்கள் தாளம் போடும், கட்டைவிரல் மெட்டைப் பாடும். கட்டைவிரலுக்கு வலு அதிகம். அதனால் மெட்டு அழுத்தமாக, மணியடித்ததுபோல் கேட்கும். கீழே தாளம் நிற்காமல் உருண்டுகொண்டே இருக்கும். ஒருவரே இருவராக வாசிப்பதுபோல் இருக்கும். வலதுகைக்காரர்கள் எவ்வளவு பழகினாலும் அந்த ஒலி அப்படியே வருவதில்லை.

யாரும் சொல்லித்தரவில்லை. நமக்காகச் செய்யப்படாத ஒரு கருவியை நம் கைக்கு ஏற்பத் திருப்பிப் பிடித்தால் அதுவரை இல்லாத ஓர் இசை பிறக்கிறது. ஒடுக்கப்பட்டவர் கலைக்குக் 'கற்பனை போதாது, பயிற்சி போதாது' என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும்.

பிற்காலத்தில் இந்த வாசிப்பு முறைக்குக் 'காட்டன் பிக்கிங்' என்று அவர் பெயரையே வைத்தார்கள். காதில் கேட்டால் 'பருத்தி பறித்தல்' என்றுதான் விழும். பருத்திக் காட்டில் முதுகொடிந்த ஒரு மக்கள் கூட்டத்தின் பேத்தி, அதே ஒலியுள்ள சொல்லை ஒரு கலையின் பெயராக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

சரக்கு ரயில்

அவர் வீட்டருகே ரயில் பாதை. பல்கலைக்கழகத்துக்கும் மில்லுக்கும் வந்துபோகும் கிளைப் பாதை அது. பிள்ளைகள் ரயிலைப் பார்த்துக் கையசைப்பார்கள், தண்டவாளத்தில் நடப்பார்கள். இரவில் படுத்திருக்கும்போது ரயில் ஓசை கேட்கும். பதினொன்று, பன்னிரண்டு வயதில் எலிசபெத் கட்டிய பாட்டுதான் 'ஃபிரெய்ட் டிரெய்ன்', சரக்கு ரயில்.

சின்னப் பாட்டு. ஓடும் ரயிலில் ஏறிப் போகிறவர் தான் எந்த ரயிலில் போகிறேன் என்று யாருக்கும் சொல்லாதீர்கள் என்கிறார். இறந்த பிறகு ரயில் ஓசை கேட்கும் தெருவோரத்தில் புதைக்கச் சொல்கிறார். அவ்வளவுதான். மெட்டு தாலாட்டுப் போல மென்மையானது. அதனால் பலரும் அதைக் குழந்தைப் பாட்டாகக் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

காலத்தை வைத்துக் கேட்டால் வேறுமாதிரி கேட்கும். 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிளெஸ்ஸி வழக்கில் தீர்ப்பளித்தது. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனி ரயில் பெட்டி வைப்பது சட்டப்படி சரியே என்ற தீர்ப்பு. அரை நூற்றாண்டுக் காலத் தீண்டாமைக்கு அடித்தளமிட்ட அந்த வழக்கு ஒரு ரயில் பெட்டியில்தான் தொடங்கியது. 1898இல் இதே வடக்குக் கரோலினாவின் வில்மிங்டன் நகரில் ஆயுதம் ஏந்திய வெள்ளையர் கும்பல், தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சியைக் கவிழ்த்துக் கறுப்பின மக்களைக் கொன்றது. 1899இல் அந்த மாநிலத்திலும் தனிப் பெட்டிச் சட்டம் வந்தது. 1900இல் எழுத்தறிவுத் தேர்வு என்ற பெயரில் கறுப்பினத்தவரின் வாக்குரிமை பறிக்கப்பட்டது.

இத்தனையும் நடந்த சில ஆண்டுகளில் ஒரு சிறுமி ரயிலைப் பற்றிப் பாடுகிறாள். பயணிகள் ரயிலை அல்ல, சரக்கு ரயிலை. சரக்கு ரயிலில் 'உனக்கு அந்தப் பெட்டி' என்று சொல்ல ஆளில்லை. போவது எங்கே என்று யாருக்கும் தெரிய வேண்டாம் என்கிறாள். அவள் அரசியல் பாட்டு எழுத உட்கார்ந்தாள் என்று நாங்கள் சொல்லவில்லை. பதினொரு வயதில் ஒரு பிள்ளைக்குத் தப்பிப் போவதும் செத்துப் போவதும் ஏன் பாட்டுப் பொருளாகிறது என்று மட்டும் கேட்கிறோம்.

அதே காலத்தில் அவர் கட்டிய இன்னொரு பாட்டுக்கும் கதை உண்டு. பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் எலிசபெத்தைப் பற்றி அம்மாவிடம் பொய்க்கோள் சொல்லிவிட, அடியும் தண்டனையும் கிடைத்தது. செய்யாத தவறுக்குத் தண்டனை வாங்கிய பிள்ளை படுக்கையில் கிடந்தபடி, நான் சொல்வது பொய்யில்லை என்று ஒரு பாட்டுக் கட்டியது. எதிர்த்துப் பேச முடியாதவர்கள் பாட்டுக் கட்டுவது எந்த ஊரிலும் நடப்பதுதான்.

மூடி வைத்த பெட்டி

இங்கே கதை நின்றுவிடுகிறது. பதின்பருவத்திலேயே திருமணம், லில்லி என்ற மகள். தேவாலயத்தில் சேர்ந்தபோது, உலகியல் பாட்டுகள் விசுவாசிக்கு ஆகாது என்று சபைப் பெரியவர்கள் சொன்னார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டாரை விட்டார். அடுத்த சில பத்தாண்டுகள் பாட்டு இல்லை. வீட்டு வேலை மட்டும்.

அவர் வாயை அடைத்தது வெள்ளையர் சட்டம் மட்டுமல்ல என்பதை நாம் மறைக்கக் கூடாது. வறுமை அடைத்தது. சொந்தச் சமூகத்துச் சபைப் பெரியவர்களின் அதிகாரமும் அடைத்தது. பெண்ணுக்கு எது தகும், எது தகாது என்று தீர்மானிக்கும் குரல் நம் தெருக்களிலும் இருக்கிறது. பறையைத் தொட்ட பெண்களிடம் 'பொம்பளைப் புள்ளைக்கு இது எதுக்கு' என்று முதலில் சொன்னவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள். ஆதிக்கச் சாதியினர் என்று மட்டும் பதில் வராது.

சமையலறைச் சுவரில் ஒரு கிட்டார்

மகளுக்குத் திருமணமானபின் கணவரைப் பிரிந்து வாஷிங்டன் நகருக்கு வந்தார் எலிசபெத். 1940களின் பிற்பகுதியில் லேன்ஸ்பர்க்ஸ் என்ற பெரிய கடையில் பொம்மைப் பிரிவில் வேலை. ஒருநாள் கூட்டத்தில் ஒரு சிறுமி தாயைத் தவறவிட்டு அழுதுகொண்டிருந்தாள். எலிசபெத் அவளைத் தாயிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். நன்றியோடு பேசிய அந்தத் தாய், எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்டார்.

அந்தத் தாய் ரூத் கிராஃபோர்ட் சீகர். பெயர் பெற்ற இசையமைப்பாளர், நாட்டுப்பாடல் தொகுப்பாளர். கணவர் சார்லஸ் சீகர் இசை ஆய்வறிஞர். காணாமல் போன சிறுமி பெகி, பின்னாளில் புகழ்பெற்ற பாடகி. அவள் தம்பி அல்ல, அண்ணன் மைக், நாட்டிசைக் கலைஞர். சார்லஸின் முதல் மனைவிக்குப் பிறந்த பீட் சீகர், அமெரிக்க மக்கள் இசை இயக்கத்தின் முகம். இடதுசாரிக் குடும்பம். மக்களின் பாட்டு அழிந்துவிடக் கூடாதே என்று வாழ்க்கையை அதற்கே கொடுத்தவர்கள்.

அந்த வீட்டில் எலிசபெத் சமைத்தார், துணிகளுக்கு இஸ்திரி போட்டார். வீட்டின் கடைக்குட்டிக்கு எலிசபெத் என்று சொல்ல வரவில்லை, 'லிப்பா' என்றாள். அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டது. வீடு முழுக்க நாட்டுப்பாடல். ஒலிநாடாக்கள், இசைத்தட்டுகள், தூரத்து மாவட்டங்களில் சேகரித்த பாடல்களின் கத்தை. இத்தனைக்கும் நடுவே சில ஆண்டுகள் அந்தப் பெண்மணி வேலை செய்தார். அவருக்குப் பாடத் தெரியும் என்று யாருக்கும் தெரியவில்லை.

சமையலறைச் சுவரில் பெகியின் கிட்டார் தொங்கும். ஆளில்லாத நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அதை எடுத்து வாசித்துப் பார்ப்பார் எலிசபெத். பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் விரல்கள் மறக்கவில்லை. ஒருநாள் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள்.

இசை வரலாற்று நூல்கள் இந்த இடத்தைக் 'கண்டுபிடிப்பு' என்று எழுதுகின்றன. கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்ததுபோல. நாங்கள் அப்படி எழுத மாட்டோம். அவர் தொலைந்து போயிருக்கவில்லை. அவர்கள் வீட்டுச் சமையலறையில்தான் இருந்தார்.

சீகர் குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எங்கள் நோக்கமல்ல. அவர்கள் நல்லவர்கள். தெரிந்த பிறகு அவருக்காக நிறையச் செய்தார்கள், அதையும் சொல்லப் போகிறோம். எங்களுக்கு இதில் பாடம் வேறு. நல்ல எண்ணம் இருந்தும், கொள்கை இருந்தும், மக்கள் பாட்டைத் தேடி ஊர் ஊராக அலைந்தும், தன் வீட்டில் வேலை செய்யும் பெண்ணிடம் 'உங்களுக்குப் பாட்டு உண்டா' என்று கேட்கத் தோன்றவில்லை. வேலைக்காரர் என்ற நிலை அவ்வளவு பெரிய திரை. நம் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறவியல் ஆய்வு நடக்கிறது. அதே கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கும் அக்காவிடம் நாம் எப்போதாவது கேட்டிருக்கிறோமா?

பாட்டு கடல் கடந்தது, பெயர் கடக்கவில்லை

1950களின் நடுவில் பெகி சீகர் இங்கிலாந்து போனார். லிப்பாவிடம் கற்ற ரயில் பாட்டை அங்கே பாடினார். அப்போது பிரிட்டனில் இளைஞர்கள் கிட்டாரும் துணி துவைக்கும் பலகையும் வைத்துக்கொண்டு பாடும் 'ஸ்கிஃபிள்' இசை பெரும் அலையாக எழுந்திருந்தது. பாட்டு கைமாறியது. இருவர் அதைத் தாங்களே எழுதியதாகத் தங்கள் பெயரில் பதிப்புரிமை வாங்கினார்கள். 1957இல் சாஸ் மெக்டெவிட் குழுவும் நான்சி விஸ்கி என்ற பாடகியும் பாடிய இசைத்தட்டு, பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 5ஆம் இடம் வரை ஏறியது. பிறகு பீட்டில்ஸ் என்று உலகம் அறிந்த குழு, பள்ளிப் பையன்களாக இருந்தபோது பாடிய பாட்டுகளில் இதுவும் ஒன்று.

வரிகளையும் மாற்றியிருந்தார்கள். சிறுமியின் பாட்டில் ரயிலேறிப் போகிறவர் ஏன் போகிறார் என்று சொல்லப்படவில்லை. புதிய வரிகளில் அவர் நண்பனைக் கொன்றுவிட்டு ஓடுகிறவர், தூக்குக்கயிறு காத்திருக்கிறது. ஒரு கறுப்பினச் சிறுமியின் விடுதலைக் கனவு, கைமாறும்போது கொலைகாரன் தப்பியோடும் கதையாகிவிட்டது. திருட்டில் பணம் மட்டும் போவதில்லை, பொருளும் போகிறது.

அந்த ஆண்டில் எலிசபெத்துக்கு 64 வயது. வாஷிங்டனில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தார். அவர் பாட்டு கடைகளில் விற்றுக்கொண்டிருந்தது.

இங்கே சீகர் குடும்பம் நின்றது. இது யார் பாட்டு என்று அவர்களுக்குத் தெரியும். சட்ட வழியில் அழுத்தம் கொடுத்த பிறகே எலிசபெத்தின் பெயர் பதிப்புரிமையில் ஏறியது. சாட்சி சொல்ல ஒரு குடும்பம் இருந்ததால் அவருக்கு அது நடந்தது. சாட்சி இல்லாதவர்களுக்கு?

தென்னாப்பிரிக்காவின் சாலமன் லிண்டா என்ற ஜூலு தொழிலாளி 1939இல் 'ம்புபே' என்ற பாட்டைப் பதிவு செய்தார். கிடைத்தது 10 ஷில்லிங். அந்த இசைத்தட்டு அமெரிக்கா போனது. இதே பீட் சீகர் அதைப் பழைய ஆப்பிரிக்க மக்கள் பாட்டு என்று நம்பித் தன் குழுவோடு பாடினார். தட்டின் மேல் லிண்டாவின் பெயர் அச்சிடப்பட்டே இருந்தது. 1961இல் 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' என்ற பெயரில் அது உலகப் புகழ் பெற்றது. அடுத்த ஆண்டு லிண்டா வறுமையில் இறந்தார். அவர் மகள்களுக்கு ஓர் உடன்பாடு கிடைத்தது 2006இல்.

எங்கள் வாசிப்பு வட்டத்து மாணவியின் கேள்விக்கு இதுதான் விடை. பெயர் பல சமயம் தெரிந்தே இருக்கிறது. ஊருக்குத் தெரியும், சில சமயம் அச்சிலேயே இருக்கும். பாடியவர் யார் என்பதைப் பார்த்துவிட்டு, 'இது மக்கள் பாட்டு, இதற்கு ஆசிரியர் இருக்க மாட்டார்' என்று முடிவு செய்துவிடுகிறார்கள். கறுப்பினத் தொழிலாளி கட்டினால் மரபு. வெள்ளைக்காரர் எழுதிக் கொடுத்தால் படைப்பு. மரபுக்கு உரிமைத்தொகை கிடையாது.

67 வயதில் முதல் மேடை

மைக் சீகர் ஒலிப்பதிவுக் கருவியோடு எலிசபெத்தின் வீட்டுக்கே போனார். பேரப்பிள்ளைகள் சத்தம் போடாமல் சுற்றி உட்கார்ந்திருக்க, வீட்டிலேயே பாடல்கள் பதிவாயின. 1958இல் ஃபோக்வேஸ் நிறுவனம் அவற்றை இசைத்தட்டாக வெளியிட்டது. 1960இல் ஸ்வார்த்மோர் கல்லூரியில் மைக்குடன் முதல் மேடைக் கச்சேரி. அப்போது வயது 67. அதன் பிறகும் பல ஆண்டுகள் அவர் வீட்டு வேலையை விடவில்லை. மேடையில் கைதட்டல், திரும்பி வந்தால் துடைப்பம். கலைஞருக்குக் கைதட்டல் சோறு போடாது என்று தெரிந்தவர் அவர்.

ஆனால் பெரிய இசை நிறுவனங்களின் பின்னால் அவர் போகவில்லை. சொந்தமாகப் பாட்டுக் கட்டி, தனியாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ஒற்றைக் கிட்டாரோடு பாடினார். பாட்டுக்கு நடுவே கதை சொல்வார். இந்தப் பாட்டு எப்போது வந்தது, யார் வீட்டில் வந்தது, அப்போது அம்மா என்ன சொன்னார் என்று. பாட்டைச் சபையோரையும் சேர்ந்து பாட வைப்பார். கேட்டவர்கள் அதை எளிமை என்றார்கள். அது உரிமைப் பத்திரம் என்றும் நாங்கள் நினைக்கிறோம். ஒவ்வொரு மேடையிலும் இது என் பாட்டு, பிறந்த கதை இது என்று சொல்லிச் சொல்லிப் பதிவு செய்துகொண்டே இருந்தார்.

1967இல் வந்த இரண்டாம் இசைத்தட்டின் தலைப்புப் பாட்டு 'ஷேக் சுகரீ'. இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக அடகு வைத்துவிட்ட ஒருவரின் பாட்டு அது. கேட்பதற்கு விளையாட்டுப் பாட்டுப் போல இருக்கும். அடகுக்கடை வாசலில் நின்றவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். அந்தப் பாட்டு பிறந்த விதம் இன்னும் முக்கியம். இரவில் தூங்கப் போகும் கொள்ளுப்பேரப் பிள்ளைகளும் அவருமாகச் சேர்ந்து கட்டினார்கள். பிள்ளைக்கு ஒரு கண்ணியாக வளர்ந்தது. இசைத்தட்டில் அதைப் பாடியவர் அவரல்ல, 12 வயதுக் கொள்ளுப்பேத்தி பிரெண்டா எவன்ஸ். மேடையில் பாடும்போது பிள்ளைகளின் பங்கை அவர் மறக்காமல் சொல்வார்.

இங்கே ஒரு பழைய வாதத்துக்குப் பதில் கிடைக்கிறது. 'நாட்டுப்புறப் பாடல் கூட்டுப் படைப்பு, அதற்குத் தனி ஆசிரியர் பெயர் கேட்பது முதலாளித்துவப் பார்வை' என்று தோழர்கள் சிலரே சொல்வதுண்டு. கூட்டாகக் கட்டுவதும் பெயர் சொல்வதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று அந்தப் பாட்டி காட்டிவிட்டார். கூட்டுப் படைப்பு என்றால் எல்லார் பெயரையும் சொல்ல வேண்டும் என்றுதான் பொருள். யார் பெயரையும் சொல்லக் கூடாது என்பதல்ல. பொதுச்சொத்து என்ற நல்ல சொல், பொறுக்கிக்கொண்டு போக வருகிறவருக்குச் சாக்காகிவிடக் கூடாது.

பாட்டில் வந்த வருமானத்தையும் விருதுத் தொகையையும் கொண்டு 1970களின் இறுதியில் சிரக்யூஸ் நகரில் வீடு வாங்கி, மகளோடும் பேரப்பிள்ளைகளோடும் குடியேறினார். 1984இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது. 1985இல் கிராமி விருது. அப்போது வயது 92. 1987 ஜூன் 29 அன்று இறந்தார். 2022இல் ராக் இசைப் பெருமன்றம், தொடக்ககாலத் தாக்கம் செலுத்தியவர்கள் வரிசையில் அவர் பெயரைச் சேர்த்தது. கார்போரோவில் அவர் கேட்டு வளர்ந்த அந்த ரயில் பாதையை ஒட்டி இன்று ஒரு சைக்கிள் பாதை போகிறது. அதற்கு லிப்பா காட்டன் பெயர். முதலாளியின் பெயர் கொண்ட ஊருக்குள் வேலைக்காரச் சிறுமியின் பெயரும் நுழைந்துவிட்டது.

நம் கையில் இருக்கும் வேலை

விருதுகளோடு கதையை முடித்தால் 'கடைசியில் நீதி கிடைத்தது' என்ற ஆறுதல் வரும். அந்த ஆறுதல் வேண்டாம். 67 வயதில் கிடைத்த மேடை, 27 வயதில் கிடைத்திருந்தால் எத்தனை பாட்டு வந்திருக்கும்? நமக்குக் கிடைத்திருப்பது அவர் சிறுமியாகக் கட்டியதும் முதுமையில் கட்டியதும்தான். நடுவில் உள்ள வாழ்க்கை முழுவதும் பிறர் வீட்டுச் சமையலறைக்குப் போய்விட்டது. எந்தப் பதிப்புரிமை வழக்கிலும் அதைத் திரும்ப வாங்க முடியாது.

நம் ஊரில் ஒப்பாரி பாடும் பெரியம்மா, நடவுப் பாட்டுக் கட்டும் ஆத்தா, மரண ஊர்வலத்தில் அந்தந்த வீட்டுக் கதையை வைத்துக் கானா கட்டும் அண்ணன். இவர்கள் பாட்டு செல்பேசியில் ஏறி, இணையத்தில் சுற்றி, சினிமாவுக்கும் போகிறது. 'நாட்டுப்புற மெட்டு' என்ற ஒரு சொல்லோடு கணக்கு முடிகிறது. இதைத் தடுக்க நீதிமன்றம் வரை போக வேண்டிய நாள் வரும். அதற்கு முன் மாணவர்களாகிய நீங்கள் இந்த வாரமே தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒருவரின் பாட்டைப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்யும் முன் அனுமதி கேளுங்கள். பாட்டுக்கு முன்னால் அவரையே தன் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். ஊர், தேதி, அந்தப் பாட்டு எப்போது வந்தது, யாரிடம் கேட்டது, எந்த அடியைத் தானே சேர்த்தது என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். பாட்டு நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். பதிவின் ஒரு படியை அவரிடமே கொடுங்கள். அவர் வேண்டாமென்றால் வெளியிடாதீர்கள். நாளை யாராவது 'இதை இயற்றியவர் அறியப்படவில்லை' என்று எழுதினால், அறிவோம் என்று சொல்ல உங்கள் கையில் சாட்சி இருக்கும்.

அந்த மாணவி சென்ற வாரம் ஒரு பதிவைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். முதலில் கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம். பிறகு ஒரு வயதான குரல், தன் பெயரை, தகப்பன் பெயரை, ஊரைச் சொல்கிறது. சொல்லிவிட்டுச் சிரிக்கிறது. "என் பேரை எதுக்குடி கேக்குற" என்கிறது. அதற்குப் பிறகுதான் பாட்டு.

ஜெய்பீம்.